பால் மறக்கடித்த வீடு

முத்து,

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, உன் பெரியம்மா, மாப்பிள்ளை, என் இடுப்பில் தன்வி, மூன்று நாள் கழித்துப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்து, கதவருகே செருப்பைக்கூடக் கழற்றாமல் நீ. பக்கத்து வீட்டு மேரி அக்கா வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை, ஆனால் எல்லாவற்றையும் பார்த்தாள், அதனால் அவளையும் சேர்த்துக்கொள்கிறேன். வேறு யாரும் இல்லை. வீட்டுச் செலவு எழுதி எழுதி எனக்கு இப்படி ஒரு பழக்கம். என்னென்ன இருந்தது என்று முதலில் வரிசையாகப் போட்டுக்கொண்டால்தான் மேலே கை ஓடும். அன்று நடந்ததை நான் எனக்குத் தோதாக மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவும் எழுதுகிறேன். இந்த மூன்று வாரமாக இந்த வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதில் மோசமான விதம் என்னுடையது.

நீ இரண்டு கையையும் நீட்டினாய். "வாடா தங்கம், அம்மா வந்துட்டேன்ல" என்றாய். தன்வி உன்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி என் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள். நீ இன்னொரு எட்டு வைத்தாய். அவள் என் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அப்போது நான் சிரித்தேன். முதலில் சிரித்தது நான்தான். பிறகு உன் பெரியம்மா, "பாத்தியாட்டி, மூணே நாள்ல அம்மாக்காரிய மறந்துட்டா. இனி ஆச்சிதான் அவளுக்கு எல்லாம்" என்றாள். மாப்பிள்ளையும் சிரித்தார், கெட்ட எண்ணத்தில் இல்லை, எல்லோரும் சிரிக்கிற வீட்டில் மாப்பிள்ளை வேறு என்ன செய்வார். உன் அப்பா மட்டும் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். நீயும் சிரிக்கத்தான் பார்த்தாய், வாய் கோணிக்கொண்டது. "சரிம்மா, நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தோம். மாப்பிள்ளை கையில் எடுத்த வடையைத் தட்டில் போட்டுவிட்டு உன் பின்னால் ஓடினார்.

மறுநாள் போனில் உன் குரலை அனுப்பியிருந்தாய். "தன்வி அங்கயே இருக்கட்டும்மா. நான் இல்லாம அவ நல்லாத்தான் இருக்கா. எங்கிட்ட இருந்தா ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே கெடக்கோம்." அதை நான் எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நீ வரவில்லை. நான் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய், டிரெயினில் இருக்கிறேன் என்கிறாய். போன சனிக்கிழமை மாப்பிள்ளை மட்டும் வந்தார். இரண்டு பை நிறையப் பாப்பாவின் துணிமணிகள், பொம்மை, பால் பாட்டில், அடியில் அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மழைகூட இன்னும் தொடங்கவில்லை. குளிர்காலம் வரைக்கும் யோசித்து மடித்து வைத்திருக்கிறாய்.

"மாப்பிள்ள, அவ எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் போறா, வாரா. சாப்பாடு வச்சா சாப்பிடுறா. பேச மாட்டேங்கா அத்தை."

"அழுதாளா?"

"அழுதா பரவால்லயே அத்தை."

உன் பெரியம்மா இருந்தாள். அவள் எப்போதும் போல ஒரு நிமிடத்தில் தீர்ப்பு சொன்னாள். "நல்லதாப் போச்சு. பிள்ள இங்க வளரட்டும், அவ ஐரோலில அவ வீட்டுல இருந்து நிம்மதியா வேலையப் பாக்கட்டும். ஊரு உலகத்துல நடக்காததா? கொஞ்ச நாள் கழிச்சு பக்கத்துல பால்வாடில போட்டுருவோம்." மாப்பிள்ளை தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என்னைப் பார்த்தார். இப்போது எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு வார்த்தை சரி என்றால் தன்வி தாராவியில் வளர்வாள், நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆளாக ஆகிவிடுவாய். அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆசையாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் படித்தேன், கோயில் பாட்டுப் புத்தகத்தையும் மருந்துப் பெட்டியையும் வைத்துக்கொண்டு. மெதுவாகப் படி. வாசித்துக் காட்டச் சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுக்காதே. இதில் சில இடங்கள் உனக்கு மட்டும்.

பால் மறக்கடிக்கச் சொன்னது நான். அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நீயே முடிவெடுத்தாய் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டது வேறு. ராத்திரி முழுவதும் தன்வி மார்பை விடுவதில்லை, கடிக்கிறாள், காலையில் லோக்கல் டிரெயினில் நின்றுகொண்டே தூங்குகிறேன், என்ன செய்ய என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். வேப்பெண்ணெயைத் தடவிக் காட்டு, ஒரு தடவை கசந்தால் போதும், பிறகு மூன்று நாள் பிள்ளை கண்ணில் நீ படக் கூடாது என்றேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். என் அம்மா செய்தாள், உன் பெரியம்மா செய்தாள், உனக்கு நான் செய்தேன். மாட்டுங்கா கடைத்தெருவுக்குப் போய் நானே எண்ணெய் வாங்கி வந்தேன். நீ தடவிக்கொண்டு உட்கார்ந்தபோது தன்வி வாயை வைத்தாள், எடுத்தாள், உன் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் எடுத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தாள். நீ "போதும்மா, துடைச்சிருதேன்" என்றாய். நான் உன் கையைப் பிடித்தேன். "இப்ப விட்டா இன்னும் ஒரு வருசம் விட மாட்டா. போ, கெளம்பு" என்று பையை உன் தோளில் மாட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள் நீ கூப்பிட்டாய். ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாய். "முகத்தக் காட்டினா பட்ட பாடெல்லாம் வீணு" என்று வைத்துவிட்டேன். அதோடு அது முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மாப்பிள்ளை துணிப்பையோடு வந்து போன பிறகு மேரி அக்கா என்னைக் கூப்பிட்டாள். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அன்னைக்கு ஒம் மக வந்தா, கேட்டியா. ரெண்டாம் நாளு. இந்தக் குழாயடியில நின்னா. துப்பட்டா முன்பக்கமெல்லாம் நனைஞ்சு கெடந்து. உள்ள போட்டின்னேன். அம்மா திட்டும் ஆன்ட்டி, மூணு நாள் கெட்டுரும்னா. உள்ள பிள்ள அழுதது இங்க வரைக்கும் கேட்டுச்சுல்லா. அது அடங்குத மட்டும் நின்னா. அடங்குனதும் போய்ட்டா."

நான் எழுந்திருக்கப் போனேன்.

"எல்லாத்தையும் எழுதி வைக்கிறவதான நீ," என்றாள் மேரி அக்கா. "இத எந்தப் பக்கத்துல எழுதுவ?"

அக்காவின் வாய் அப்படி. ஆனால் நான் அன்று முழுவதும் அந்தக் குழாயடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவுக்கும் குழாயடிக்கும் நடுவில் மேரி அக்கா வீடு ஒன்றுதான். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்திருக்கும். நான் உள்ளே பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, அவள் தூங்கினதும், நான் தூங்க வைத்தேன் பார் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் அந்த மூன்று நாளில் வந்தது இல்லை என்று இப்போது தெரிகிறது. தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் ஆபீசிலிருந்து கூப்பிட்டாயே, நினைவிருக்கிறதா? "யம்மா, எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. பிள்ள சிரிச்சாலும் தோணல, அழுதாலும் தோணல. பயமா இருக்கு" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தண்ணீர் நிறையக் குடி, பூண்டு சேர்த்துக்கொள், வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறேன் என்றேன். சுற்றியும் போட்டேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மக்கள் ஒரு பேச்சை நிறுத்துவது சரியாகிவிட்டதால் மட்டும் இல்லை என்று, இத்தனை வயதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ என்னைப் பார்த்து வளர்ந்தவள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மா உன்னையும் உன் தம்பியையும் இந்த ஒரே அறையில் வளர்த்தாள், தண்ணீர் பிடித்தாள், அப்பாவின் பட்டறைக்குச் சாப்பாட்டு டப்பா கட்டினாள், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை, எல்லாம் சாமி கொடுத்த பலம் என்று நீ நினைத்திருப்பாய். உன் பெரியம்மா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறாள். நான் தினமும் மத்தியானம் தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போவேனே, உங்கள் இருவரையும் மேரி அக்காவிடம் விட்டுவிட்டு. அங்கே போய் நான் பின்பக்கத் தூணில் சாய்ந்து தூங்கினேன், முத்து. ஜபமாலை கையில் இருக்கும், வாய் திறந்து கிடக்கும். பூசாரி கண்டும் காணாமல் போவார். செவ்வாயும் வெள்ளியும் விரதம் என்றேன். விரதம் என்றால் என்னை யாரும் சோறு வடிக்கச் சொல்ல மாட்டார்கள், தலைவலி என்று படுத்தாலும் கேள்வி கிடையாது. பக்தி எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது, அம்மன் அறிவாள். ஆனால் அந்தப் பக்திக்குள்ளே நான் ஒளிந்துகொண்டு இளைப்பாறினேன். என் வயதுப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான். களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் எந்த வீட்டிலும் விட மாட்டார்கள், நேர்ச்சை என்று சொன்னால் விடுவார்கள்.

உனக்கு அப்படி ஒரு தூண் இல்லை. நீ கோயிலுக்குப் போகிறவள் இல்லை என்று நானே எத்தனையோ முறை உன்னைக் குறை சொல்லியிருக்கிறேன். ஆபீசில் லீவு கேட்டால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றுதான் கேட்க முடியும், எனக்கு மனசு சரியில்லை என்று கேட்க முடியாது. வீட்டுக்கு வந்தால் பிள்ளை. இங்கே வந்தால் நான். பால் கொடுத்தால் இன்னுமா கொடுக்கிறாய் என்கிறோம், நிறுத்தினால் அதற்குள்ளா என்கிறோம். வேலைக்குப் போனால் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளே, வேலையை விட்டால் படித்த படிப்பு வீணாகிறதே. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் குற்றம் என்றால் அந்தக் கணக்கு போட்டவர்கள் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதைச் சரிக்கட்ட நீ ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு கிடக்காதே.

இன்னொன்று. போன புதன்கிழமை காலை தண்ணீர் வரும் நேரம். தன்விக்குப் பல் முளைக்கிறது, விடியலிலிருந்து நச்சரிப்பு. நான் நிரப்பி வைத்த குடத்தைப் பிடித்து இழுத்துக் கவிழ்த்துவிட்டாள். நடு வீடெல்லாம் தண்ணீர், அரிசிப் பை வரைக்கும். நான் அவளைத் தூக்கிப் பாயில் உட்கார வைத்தேன். உட்கார வைத்தேன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் வேகமாகவே வைத்தேன். அவள் கத்தினாள். நான் குளிக்கிற இடத்துக்குள் போய்த் தட்டியை இழுத்துச் சாத்திக்கொண்டு குழாயை முழுவதும் திறந்துவிட்டேன். தண்ணீர் பிடிப்பதற்காக இல்லை, அவள் சத்தம் கேட்காமல் இருப்பதற்காக. எனக்கு அந்தப் பிஞ்சின் மேல் ஆத்திரம், முத்து. உன் அப்பா வந்து அவளைத் தூக்கினார். தட்டிக்கு வெளியே நின்று, "நீ கொஞ்ச நேரம் உள்ளயே இரு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். இத்தனை வருசத்தில் அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. மூன்று வாரம் வளர்த்த எனக்கே இப்படி. ஆபீஸ் வேலையையும் வைத்துக்கொண்டு, ராத்திரித் தூக்கம் இல்லாமல், உனக்கு எப்படி இருந்திருக்கும்?

நம் வீட்டு இசக்கியம்மன் படத்துக்கு அன்று விளக்கேற்றும்போது நெடுநேரம் நின்றேன். சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து நீ என் முந்தானைக்குள் ஒளிவாய். இடுப்பில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை, கண்ணில் தீ. அவளுக்குத்தான் தொட்டில் கட்டுகிறோம், பிள்ளையைக் காப்பாற்று என்று அவளிடம்தான் கேட்கிறோம். தாய்க்கு ஆத்திரம் வரும் என்று நம்முடைய பெரியவர்களுக்குத் தெரியாமலா அப்படி ஒரு தாயை உட்கார வைத்தார்கள்? அவளைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, நம் பெண்களிடம் மட்டும், உனக்கு எப்படிக் கோபம் வரலாம், எப்படி அலுப்பு வரலாம் என்று கேட்கிறோம்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் போன பிறகு தன்வி என் கையிலிருந்து நழுவி இறங்கினாள். கதவுக்குப் போனாள். இன்னும் சரியாக நடை வரவில்லை அல்லவா, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். கதவைத் தட்டினாள். திறந்து காட்டினேன், சந்தில் நீ இல்லை. அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை நான் இதுவரை கேட்டதில்லை. "ம்மா, ம்மா" என்று ஒரே சொல். தூக்கினால் நெளிந்து இறங்கி மறுபடியும் கதவுக்குப் போனாள். என் முகத்தில் அடித்தாள். அப்படியே வாசற்படியில் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனாள். அவள் உன்னை மறக்கவில்லை. உன் மேல் கோபமாக இருந்தாள், அதனால் முகத்தைத் திருப்பினாள். யாரென்று தெரியாத ஆள் மேல் ஒரு பிள்ளை அப்படிக் கோபித்துக்கொள்ளுமா?

நான் போனை எடுத்தேன். உன் பெரியம்மா கையைப் பிடித்தாள். "சொல்லாத. சொன்னா இப்பவே திரும்ப ஓடி வந்துருவா, மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றாள். அவள் மேல் பழி போட முடியாது, பிடித்த கையை நான் உதறியிருக்கலாம். மறுநாள் உன் குரல் வந்ததே, நான் இல்லாமல் அவள் நன்றாக இருக்கிறாள் என்று, அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி போதும். சொல்லவில்லை. வீட்டில் மறுபடியும் ஒரு பிள்ளை, என்னைத் தேடுகிற பிள்ளை. அந்தச் சுகத்தில் வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. இப்போதும் சாயங்காலம் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் கதவைப் பார்க்கிறாள்.

அதனால் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் போவதில்லை. உன் பெரியம்மாவிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன், பால்வாடிப் பேச்சை இனி இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று. அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், போகட்டும். தன்வியைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நீ கேட்கிற நாளெல்லாம் பார்ப்பேன், நீ தூங்குவதற்காக மட்டும் கேட்டாலும் பார்ப்பேன். உன் இடத்தை எடுத்துக்கொண்டு பார்க்க மாட்டேன்.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். "நான் இல்லாம" என்று சொன்னாயே, அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருக்க வேண்டாம் என்கிற மாதிரி நினைப்பு உனக்கு வருகிறதா? வருகிறது என்றால் சொல். நான் கத்த மாட்டேன், அழ மாட்டேன், எலுமிச்சம்பழத்தை எடுக்க மாட்டேன். உடனே கிளம்பி வருவேன், அவ்வளவுதான். மாப்பிள்ளையிடமும் இதை மட்டும் நான் கேட்டிருக்கிறேன், உன்னைத் தனியாக விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

செம்பூரில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற இந்த மாதிரிச் சோர்வையெல்லாம் பார்க்கிறவர். மேரி அக்காவின் மருமகள் போய்வந்திருக்கிறாள், இப்போது நன்றாக இருக்கிறாள். மேரி அக்கா வீட்டிலேயே இப்படி ஒன்று நடந்தது, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னிடம் அவள் மூச்சு விடவில்லை. நீ ஆபீசுக்கு ஒரு நாள் லீவு போடு, நானும் வருகிறேன். டாக்டர் அறைக்குள் வராதே என்றால் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். அம்மனிடமும் போவோம், டாக்டரிடமும் போவோம். முதலில் டாக்டரிடம்.

சனிக்கிழமை காலையில் சயானில் டிரெயின் ஏறி, தாணேயில் மாறி, ஐரோலிக்கு வருகிறேன். தன்வியைத் தூக்கிக்கொண்டு வரவா? அவள் மறுபடியும் முகத்தைத் திருப்பலாம், முதல் நாள் அப்படித்தான் இருக்கும், பயப்படாதே, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு. இல்லை, இன்னும் என்னால் முடியாதும்மா என்றால் அதையும் சொல். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்போது அவளை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் வருவேன். நீ என் பிள்ளை, உன்னைப் பார்த்துக்கொள்ள வருவேன். எப்படியும் வருகிறேன். அவளோடா, தனியாகவா என்று மட்டும் சீக்கிரம் பதில் சொல்.

அம்மா